லயத்து வீடும் அடுப்பு நெருப்பும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் எரிபொருள் வரலாறு

தமிழர் கண்ட கூதிர்காலத்தை நம் கண்முன் நிறுத்தும் நூல் நக்கீரரின் நெடுநல்வாடை. மழையில் நனைந்த கோவலர் நெருப்பில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றியும் நடுக்கம் தீராமல் நிற்கும் காட்சி அதன் தொடக்கத்தில் வருகிறது. நகருக்குள் வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே சாளரக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. அகன்ற வாயையுடைய 'தடவு' என்னும் கணப்புச் சட்டியில் செந்நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. வெளியில் வீசும் வாடை இரு சாரார்க்கும் ஒன்றே. ஆயின், அடைப்பதற்குக் கதவு உடையவன் ஒருவன். நீட்டுவதற்குக் கை மட்டும் உடையவன் மற்றொருவன். வெப்பத்தைப் பெறுவதற்கு நெருப்பு மட்டும் போதாது, அதைக் காக்கும் சுவரும் வேண்டும் என்னும் உண்மை அப்பாட்டில் பொதிந்து கிடக்கிறது.

அவ்வுண்மையை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் கற்று, மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் வடபகுதிக்குச் சென்றவர் அவர். "ஐயா, வாடகை வீட்டில் குளிர் தாங்க முடியவில்லை. மின்கணப்பு வாங்குவதா? எரிவாயுக் கொதிகலனை நாள் முழுதும் ஓட விடுவதா? எதில் செலவு குறையும்?" என்று அவர் கேட்டிருந்தார். குளிர்காலமே காணாத நாட்டில் வாழும் தலைமையாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, தமக்குச் சொந்தமில்லாத வீட்டில், குறைந்த எரிபொருளைக் கொண்டு, வேண்டிய வெப்பத்தைப் பெறுவது எவ்வாறு என்னும் கேள்விக்கு நம் பாட்டிமார் நூறாண்டுக் காலம் விடை கண்டு வந்திருக்கின்றனர் என்பது புலப்பட்டது. அந்த வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்காலம் இல்லா நாட்டில் குளிர்

நெகிரி செம்பிலானின் தாழ்நிலங்களில் இரவு வெப்பம் பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. பின் குளிர் எங்கிருந்து வந்தது? மூன்று வழிகளில் வந்தது எனலாம்.

முதலாவது, பொழுது. இரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது வைகறையில். ஆதலின் பால் வெட்டுவோர் நான்கு மணிக்கே எழுந்து, விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேளையின் ஈரக்காற்று எலும்பைத் தொடும்.

இரண்டாவது, காய்ச்சல். காட்டை வெட்டிக் குன்றுகளைத் திறந்துவிட்ட போது, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் மலேரியாக் கொசுக்கள் பெருகின. கிள்ளான் பகுதியில் 1901 முதல் ஆய்வு நடத்திய மருத்துவர் மால்கம் வாட்சன், சமவெளிக் கொசு வேறு, குன்றுப் பகுதிக் கொசு வேறு என்பதைக் கண்டு, வடிகால் முறைகளை வகுத்தார். குன்றுகள் நிறைந்த நெகிரி செம்பிலானிலும் தோட்டத்தவரை வாட்டியது அந்நோயே. 'குளிர்காய்ச்சல்' என்று நம் மக்கள் அதற்கு இட்ட பெயரே அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும். கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்த முன்னோருக்கு அதுவே குளிர்காலம்.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சிளங் குழந்தைக்கும் வெந்நீரும் அனலும் வேண்டும். இதில் எந்த ஏழைக் குடும்பமும் சிக்கனம் பார்ப்பதில்லை.

இலங்கை மலையகத்தில் நம் உறவினர்க்கு நேர்ந்ததோ உண்மையான குளிர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இரவு வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்து அறையில் சோறாக்கும் அடுப்பே குளிர் போக்கும் கணப்பாகவும் இருந்தது. அனலை இழக்க அஞ்சிக் கதவை அடைத்தால் புகை உள்ளேயே தங்கும். புகையைப் போக்கக் கதவைத் திறந்தால் குளிர் உள்ளே வரும். இந்த இருதலைக் கொள்ளி நிலையை வாடகை வீட்டார் எந்நாட்டிலும் அறிவர்.

காடு தந்த விறகு

கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ஆண்டு 1877. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டார். 1896இல் அண்டை மாநிலமான மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இலேயே இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. லாபு, லிங்கி, சிலியாவ், ரந்தாவ், தம்பின், கெமஞ்சே, பகாவ் என நெடுகத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் வழி வந்த தமிழர் அங்கெல்லாம் லயங்களில் குடியேறினர்.

அந்நாளில் விறகுக்குப் பஞ்சம் இல்லை. காடு வெட்டிய மரங்கள் குவிந்து கிடந்தன. இரப்பர் வளர்ந்த பின்னர்க் காற்றில் முறிந்த கிளையும் வேர்நோயால் சாய்ந்த மரமும் கிடைத்தன. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநடவுக்காகக் காடு முழுவதும் சாய்க்கப்படும்போது லயத்தில் விறகு மலைபோல் குவியும். பால் வெட்டி முடித்துத் திரும்பும் பெண்களின் தலையில் விறகுக்கட்டு இல்லாத நாள் அரிது.

விறகுக்கு வேறொரு பெரும் பங்காளியும் தோட்டத்தில் இருந்தது. அதுதான் புகைக்கூடம். அமிலம் கலந்து உறையவைத்து உருளையில் பிழிந்த இரப்பர்த் தகடுகளை அங்கே தொங்கவிட்டு, 40 முதல் 60 பாகை வரையிலான வெப்பத்தில் நான்கைந்து நாள் உலர்த்துவர். சூளையில் எரிந்ததும் இரப்பர் விறகே. அப்புகைக்கூடத்தின் கட்டுமானத்தை நினைத்துப் பாருங்கள். வெப்பம் கசியாத சுவர், புகை செல்ல வழி, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அடைப்பான், இரவெல்லாம் கண்விழித்து நெருப்பைக் காக்க ஓர் ஆள். தோட்டத்தில் முறையாகத் திட்டமிட்டு அமைத்த நெருப்பு அது ஒன்றே. பத்தடி அப்பால் இருந்த மனிதர் வாழும் லயத்திற்கோ புகைபோக்கி கூடக் கிடையாது. இரப்பர்த் தகட்டில் கரி படிந்தால் விலை குறையும் என்று கணக்குப் பார்த்த காலம், தாய்மாரின் நெஞ்சில் கரி படிவதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுப்பங்கரையின் நுண்ணறிவு

சுவரையும் கூரையையும் மாற்றும் உரிமை இல்லாதவர் எதனை மாற்ற முடியும்? அடுப்பையும் விறகையும் தம் பழக்கத்தையும் மட்டுமே மாற்ற முடியும். நம் பெண்கள் அவ்வாறே செய்தனர்.

விறகைப் பிளந்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கி, சமையலின் அனலிலேயே உலர வைத்தனர். மூன்று கல் கூட்டிய அடுப்பை விடுத்து, களிமண்ணால் இரு கண் அடுப்புப் போட்டனர். முதற்கண்ணில் சோறு கொதிக்க, தப்பி வரும் சுவாலை பக்கத்திலுள்ள கொடியடுப்பில் குழம்பைச் சூடாக்கும். சோறு வடித்த பின் எஞ்சிய தணலில் தண்ணீர்ப் பானை ஏறும். காட்டிலிருந்து திரும்புவோர் குளிக்க அது வெதுவெதுப்பாக இருக்கும். அதிலும் மிஞ்சிய தணல் கருவாடு சுடவும் துணி தேய்க்கும் பெட்டிக்கும் பயன்படும். ஆறிய சாம்பல் பாத்திரம் துலக்க உதவும்.

இவற்றின் பயனை இன்றைய கணக்கால் அளந்து காட்டலாம். வகுப்பறையில் மாணவர்க்கும் கற்பிக்கலாம். பத்து லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 350 கிலோ கலோரி வேண்டும். உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி உண்டு. ஆயினும் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கே பானையைச் சேர்கிறது. ஆகவே ஒரு கிலோ விறகு செலவாகும். நன்கு போட்ட மண் அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு பானையைச் சேருமானால் அரைக்கிலோ போதும். எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகானால், அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும். அதனால் ஒரு கிலோ பச்சை விறகு அரைக்கிலோ உலர்ந்த விறகின் பயனைக்கூடத் தராது. பரணில் விறகை உலர்த்திய பாட்டி இக்கணக்கைப் படித்தவள் அல்லள், ஆனால் அறிந்தவள்.

போரும் முள்வேலியும்

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் அரும்பொருள் ஆயின. ஒரு வீட்டில் சாம்பலுக்குள் புதைத்துக் காத்த தணலை மறுவீட்டார் கொட்டாங்கச்சியில் வாங்கிச் சென்றனர். 415 கிலோ மீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆடவரை அள்ளிச் சென்ற நாள்களில், பல வீடுகளில் அந்நெருப்பை அணையாமல் காத்தவர் பெண்களே.

1948இல் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. ஊரடங்கு நேரத்திற்கு உட்பட்டே விறகு பொறுக்கவும் முடிந்தது. 1950களின் நடுவில் நாட்டின் சில பகுதிகளில், காட்டிலிருந்தோர்க்கு அரிசி போய்ச் சேராதிருக்க, எல்லார்க்கும் ஒரே இடத்தில் சோறாக்கி வழங்கும் முறையும் கொண்டுவரப்பட்டது. ஆக்கிய சோறு விரைவில் கெட்டுவிடும். அரிசியைப்போல் கடத்த இயலாது என்பதே காரணம்.

எரிபொருட் கணக்கு மட்டும் பார்த்தால், நூறு அடுப்புக்குப் பதில் ஓர் அடுப்பு எரிவது பெருஞ்சிக்கனம். ஆயினும் அதனைச் சிக்கனம் என்று எந்தத் தாயும் போற்றியிருக்க மாட்டாள். தன் பிள்ளைக்குப் பசித்தபோது தன் அடுப்பை மூட்ட இயலாத நிலையில், மிஞ்சிய விறகு யாருக்கு ஆதாயம்? தாமே தேர்ந்து மேற்கொண்டால் சிக்கனம்; பிறர் சுமத்தினால் அது பறிப்பு.

மண்ணெண்ணெயும் செம்பனையும்

அவசரகாலம் 1960இல் முடிந்தபின் தோட்டங்களின் முகமே மாறத் தொடங்கியது. 1965இல் தரப்படுத்திய மலேசிய இரப்பர்த் திட்டம் வந்ததும் கட்டி இரப்பரை இயந்திர உலர்த்திகள் உலர்த்தின. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரப்பர் இருந்த நிலங்களில் செம்பனை ஏறியது.

செம்பனை விறகு தரும் மரம் அன்று. அதன் தண்டு நீர் நிறைந்த நார்; மட்டையோ எரிந்து ஓயும் சருகு. எரியத்தக்க நாரும் ஓடும் எண்ணெய் ஆலைக்குச் சென்று, அங்குள்ள கொதிகலனில் எரிந்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தந்தன. மறுநடவில் சாய்ந்த இரப்பர் மரமும் 1980களில் தளவாடத் தொழிலின் விலைமதிப்புள்ள மூலப்பொருளாயிற்று. முன்னர் அள்ளிச் செல்லச் சொன்ன மரம் லாரியேறி நகருக்குப் போயிற்று.

விறகு குறைந்த அதே காலத்தில் மண்ணெண்ணெயும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1973இல் பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 1974இன் தொடக்கத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு டாலரைத் தொட்டது. 1979இல் மீண்டும் ஏறியது. என் தாயார் அந்நாளில் இரண்டு அடுப்பு வைத்திருந்தார். மழைநாளில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. ஆகவே அன்று விறகடுப்பு. வேலை நாளின் வைகறையில் நேரம் இல்லை. ஆகவே அன்று திரியடுப்பு. மண்ணெண்ணெய்ப் புட்டியில் கரிக்கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே இறங்கினால் தேநீர் ஒருமுறைதான் என்று விதி வகுத்திருந்தார். சம்பள நாளுக்கு முன்வாரம் மழை பெய்தால் விறகும் ஈரம், புட்டியும் காலி. தம்பிக்குக் காய்ச்சல் கண்ட அப்படியோர் இரவில், பரணின் குறுக்குச் சட்டங்களில் ஒன்றைக் கழற்றிப் பிளந்து வெந்நீர் வைத்தார். தோட்டத்து உடைமையை எரித்ததாக மறுவாரம் அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பலகை எங்களது அன்று என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மின்னாக்கி ஓடிய காலம் போய், தேசிய மின்கம்பி படிப்படியாக லயத்தை அடைந்தது. எரிவாயு உருளையும் வந்தது. முன் சொன்ன அதே பத்து லிட்டர் நீருக்கு மண்ணெண்ணெய் அடுப்பில் 85 கிராம் அளவும், எரிவாயு அடுப்பில் 60 கிராம் அளவும் போதும். மின்சாரமானால் அரை அலகுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ விறகைத் தலையில் சுமந்து, பிளந்து, ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்ணுக்கு இவ்வெண்கள் விடுதலையின் எண்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். விறகடுப்பின் சிக்கனத்தைப் போற்றும்போது அதன் புகையை மறந்துவிடுதல் வரலாறு ஆகாது.

சுவருக்கு உரியவன் கடமை

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அவர்க்கு நான் எழுதிய விடை இதுதான்: "முதலில் உடலை வெப்பமாக வைத்துக்கொள், அடுத்து நீ இருக்கும் அறை, இறுதியில்தான் வீடு. கதவிடுக்கையும் சாளர இடுக்கையும் அடைத்துத் தடித்த திரை தொங்கவிடு. ஆயினும், சுவரில் பூஞ்சணம் படராதிருக்க நாளும் சிறிது நேரம் காற்றோட விடு. எரியும் கருவி இருக்கும் இடத்தில் காற்று வழியை ஒருபோதும் அடைக்காதே. சாதாரண மின்கணப்பு ஓர் அலகு மின்சாரத்திற்கு ஓர் அலகு வெப்பமே தரும். அங்கே அண்மை ஆண்டுகளில் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆதலின் ஓர் அறைக்குச் சிறிது நேரம் என்றால் மின்கணப்பு. வீட்டில் பலர் நெடுநேரம் இருப்பதானால் கொதிகலன். ஓர் அலகு மின்சாரத்திற்கு மூன்று அலகு அளவு வெப்பம் தரும் வெப்ப எக்கி உண்டு. ஆனால் அதனைப் பொருத்த வேண்டியவர் வீட்டுக்காரர்."

இந்தக் கடைசி வரியில்தான் வரலாறு நிற்கிறது. வீட்டுக்காரர் செலவிட்டுச் சுவரைச் செப்பனிட்டால் எரிபொருள் மிச்சம் குடியிருப்பவர்க்கு. செப்பனிடாவிட்டால் நட்டமும் குடியிருப்பவர்க்கே. ஆகவே தாமாக முன்வருவோர் சிலரே. அதனால்தான் சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் எரிபொருட் சிக்கனத்தில் மிகத் தாழ்ந்த தரமுள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கு 2018 ஏப்ரல் முதல் தடை வந்தது. நம் நாட்டிலோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1966இல், தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990இல் வந்த சட்டம் குழாய் நீரையும் போதிய மின்வசதியையும் முதலாளியின் கடமையாக்கியது. இரு நாட்டுச் சட்டங்களின் உட்பொருளும் ஒன்றே: நெருப்பைச் சிக்கனமாக எரிப்பது குடியிருப்பவரின் திறம், வெப்பம் வீணாகாத வீட்டைத் தருவது உடையவரின் கடமை. முன்னதைச் சொல்லிப் பின்னதைத் தட்டிக்கழித்தல் அறம் ஆகாது.

நெகிரி செம்பிலானில் பல லயங்கள் இன்று இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளன. லயம் இடிந்தபோது அடுப்பும் இடிந்தது. அதைக் கட்டிய கைகளின் அறிவும் எழுதப்படாமலே மறைந்து வருகிறது. ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பள்ளி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரையும் தம் பாட்டியிடம் அனுப்புங்கள். எந்த மரம் விரைவில் எரியும், எது தணல் நிற்கும், அடுப்புக்கு எந்த மண், விறகு கிடைக்காத நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அது கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும், அறிவியல் பாடமாகவும் அமையும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஏட்டிலும் பதிவாகாத ஒரு வரலாற்றின் முதற்படியாகவும் அமையும்.

என் மாணவரிடமிருந்து மறுமடல் வந்தது. சாளர இடுக்குகளைத் தாமே அடைத்துக்கொண்டாராம். கூரைக்கடியில் வெப்பக்காப்பு இல்லாமையைக் குறிப்பிட்டு வீட்டுக்காரருக்குக் கடிதமும் எழுதினாராம். பரணின் ஒரு சட்டத்திற்காகத் தலைகுனிந்து நின்ற என் தாயாரை அப்போது நினைத்துக்கொண்டேன். அவரிடம் அடுப்பறிவு குறைவின்றி இருந்தது. வீட்டுக்குரியவர்க்குக் கடிதம் எழுதும் எழுத்தறிவு மட்டும் இல்லை. அதனைத் தருவதற்குத்தான் தோட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது.